வீட்டுக்குப் போகலாம் வா

தம்பிக்கு வைத்தியம் பார்க்கும் மனநல மருத்துவர், காவலர்களுக்கு ஒருநாள் பயிற்சி நடத்தினார். நோயாளியின் குடும்பத்திலிருந்து ஒருவர் பேச வேண்டும் என்று என்னை அழைத்தார். இரண்டு வயது மகளை என் அப்பாவிடம் விட்டுவிட்டுப் போனேன். பரீட்சைக்குப் படித்ததை ஒப்பிப்பதுபோலச் சொன்னேன். லத்தியை ஜீப்பிலேயே வைத்துவிடுங்கள். ஒருவர் மட்டும் பேசுங்கள். கையைப் பிடிக்காதீர்கள். எங்கே நின்றாலும் 'வீட்டுக்குப் போகலாம் வா' என்றால் என் தம்பி வந்துவிடுவான்.

பண்ருட்டிப் பக்கத்து ஏட்டு ஒருவர் எழுந்தார். "கத்திய வச்சிகினு நின்னா? அப்பவும் மாப்ள அழைப்புதானா?" எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன். நோயாளிகள் கற்பனையில் சொல்வதற்கெல்லாம் ஆமாம் போடாதீர்கள், பொய் சொல்லாதீர்கள் என்று மருத்துவர் முடித்தார்.

அப்பா சுரங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்து, நகரியத்துக்கு வெளியே வாடகைக்கு வந்திருந்தோம். தம்பி பிறந்து வளர்ந்தது அந்தக் குவார்ட்டர்ஸில்தான். ஒரு மதியம், நான் குழந்தையைக் குளிப்பாட்டி முடிப்பதற்குள் அவன் கிளம்பிப் போய்விட்டான். கதவைப் பூட்டிவிட்டுக் குளிப்பாட்டியிருக்கலாம். பழைய வீட்டுக்குள் நுழைந்து உள்ளே தாழிட்டுக்கொண்டானாம். இப்போது அங்கே குடியிருக்கும் பெண், அவன் நுழைந்ததுமே தன் குழந்தையோடு வெளியே ஓடிவந்து போலீசுக்குச் சொல்லியிருக்கிறாள்.

நான் போய்ச் சேர்ந்தபோது அதே ஏட்டு வந்திருந்தார். கையில் லத்தி இல்லை. மற்றவர்களை வேலிக்கு வெளியே நிறுத்திவிட்டு, தொப்பியைக் கழற்றி மடியில் வைத்து, வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். நான் சொன்னதில் ஒன்றைக்கூட அவர் மறக்கவில்லை.

"தம்பி, வூட்டுக்குப் போலாம் வா."

"வீட்லதான் சார் இருக்கேன்," என்றான் தம்பி, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு.

ஏட்டு பொறுமையாகத் திரும்பத் திரும்பச் சொன்னார். ஒவ்வொரு முறையும் தம்பியின் குரல் ஏறியது. தன்னை எங்கே கடத்தப் பார்க்கிறீர்கள் என்று கேட்டான்.

ஏட்டு என்னைப் பார்த்தார். "வேற இன்னாம்மா சொல்லணும்? சொல்லுங்க, சொல்றேன்."

வாடகை வீட்டை அவன் ஒருநாளும் வீடு என்று சொன்னதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

வேப்பமரத்தடியில் நின்ற அந்தப் பெண், இன்னும் எவ்வளவு நேரம் ஆகும், பாப்பா பயந்துபோயிருக்கிறாள் என்றாள். அவள் இடத்தில் நான் இவ்வளவு தணிவாகக் கேட்டிருப்பேனா தெரியவில்லை.

தம்பி கம்பியில் தலையை மோதத் தொடங்கினான். ஏட்டு எழுந்துகொண்டார். பின்கதவை ஓங்கித் தள்ளினால் தாழ்ப்பாள் விட்டுவிடும் என்று நான்தான் சொன்னேன். கையையும் காலையும் பிடித்துத் தூக்கிவந்து ஜீப்பில் போட்டார்கள்.

"அடுத்தவாட்டின்னா கேஸ்தாம்மா," என்றார் ஏட்டு, என் முகத்தைப் பார்க்காமல்.

நான் ஏறி உட்கார்ந்ததும் தம்பி மெதுவாகக் கேட்டான். "அக்கா, வீட்டைப் பூட்டினியா?"

மருத்துவர் சொன்னது நினைவிருந்தது. "பூட்டிட்டேன்டா," என்றேன்.

அடங்கிப்போனான். கொஞ்ச தூரம் போனதும் சாவியைக் கேட்டுக் கையை நீட்டினான். என்னிடம் இருந்தது வாடகை வீட்டுச் சாவி மட்டும்தான்.