உறை பிரிக்காத நாற்காலி

பிள்ளைகளே, காலை ஆறு மணிக்குத் தியாகதுருகத்திலிருந்து கிளம்பினோம். கரியாலூரைத் தாண்டி ஒரு பள்ளிக்கூடத்தில் என் மகள் கோமதி இந்த வருடம்தான் டீச்சராகச் சேர்ந்தாள். அன்று அங்கே ஆண்டு விழா. “யாரும் தள்ள வேணாம்மா, நானே பேட்டரி வண்டிய ஓட்டிக்கினு உள்ள வருவேன்” என்று போனில் சொல்லியிருந்தேன். கரும்பு லோடு மேலிருந்து விழுந்து முதுகு போன நாள் முதல், எங்கே போனாலும் யாராவது தள்ளித்தான் போயிருக்கிறேன். மகள் வேலை பார்க்கும் இடத்துக்காவது நானாகப் போக வேண்டும் என்று ஆசை.

கூட வந்தவன் ஏழுமலை. தென்னை மரத்திலிருந்து விழுந்தவன். இரண்டு பேருக்கும் ஒரே முகாமில், ஒரே நாளில், ஒரே மாதிரி பேட்டரி நாற்காலி கொடுத்தார்கள். லோடு வண்டிக்காரர் சேகர் போக வர 2,500 ரூபாய் பேசியிருந்தார். நாற்காலிகளின் சுவிட்சை அணைத்துப் பின்னால் கயிறு போட்டுக் கட்டிவிட்டு, எங்களை முன்னால் தூக்கி உட்காரவைத்தார்.

“இன்னாண்ணா, உங்க வண்டி நேத்து வாங்குனதா?” என்றார் என்னிடம்.

“ரெண்டு வருசம் ஆவுது. பிளாஸ்டிக்கையே இன்னும் பிரிக்கல அவன்” என்றான் ஏழுமலை. “பட்டு வேட்டி மாரி கல்யாணம் காட்சிக்குத்தான் வெளிய எடுப்பான்.”

அவன் நாற்காலியில் சேறு. கைப்பிடியில் கறுப்பு டேப். அதைப் பார்த்து எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். ஆனால் கடைத்தெருவைத் தாண்டுவதற்குள் நான்கு பேர், “ஏழுமலண்ணே, எங்க கெளம்பிட்ட?” என்று கேட்டார்கள். என்னை ஒருவரும் கேட்கவில்லை. அவன் தினமும் டீக்கடை, பால் சொசைட்டி என்று நாற்காலியில் சுற்றுகிறவன். எனக்கு வயிறு எரிந்தது.

ஏழு மணிக்குக் கள்ளக்குறிச்சி. கச்சிராயபாளையத்தில் டீ குடித்துவிட்டு, கோமுகி அணையைத் தாண்டி மலை ஏறினோம். கள்ளக்குறிச்சியிலிருந்து சுமார் நாற்பது கிலோமீட்டர். வளைவுகளில் காது அடைத்தது. ஒன்பதரைக்குப் பள்ளிக்கூடம் தெரிந்தது. ரோட்டிலிருந்து இருநூறு அடி சிமெண்டு மேடு, அதன் தலைமாட்டில் வாசல்.

“மேல கொண்டுபோய் எறக்கிடட்டுமா?” என்றார் சேகர்.

“வேணாம், இங்கயே எறக்குங்க” என்றேன். வாசலில் நிற்பவர்கள் எல்லோரும் நான் ஏறி வருவதைப் பார்க்க வேண்டுமே.

கைப்பிடியில் சார்ஜ் காட்டும் மூன்று விளக்கும் பச்சையாக எரிந்தன. இரவு முழுக்க சார்ஜ் போட்டிருந்தேன். ஏழுமலையை முந்த வேண்டும் என்று வேகத்தைக் கூட்டினேன். பாதி மேட்டில் பச்சை மஞ்சளாகி, மஞ்சள் சிவப்பாகி, நாற்காலி நின்றது. ஏழுமலை என்னைத் தாண்டிப் போய், திரும்பிப் பார்த்தான்.

நான் பக்கத்திலிருந்த லிவரில் கை வைத்தேன்.

“டேய், அதத் தொடாத! பிரேக் வுட்டுடும். அப்புறம் பின்னாடியே உருண்டு உன் வூட்டுக்குத்தான் போவ!” என்று கத்தினான் ஏழுமலை.

சேகர் ஓடி வந்து சக்கரத்துக்குக் கல் வைத்தார். ஏழுமலை என்னிடம் கேட்டான்: “கடைசியா எப்படா சார்ஜ் போட்ட? நேத்துக்கு முன்னாடி?”

“பொங்கலுக்கு. தீந்தாதான் போடணும், இல்லன்னா பேட்டரி கெட்டுடும்னு...”

“சார்ஜ் எறங்குனத சும்மா வெச்சித்தான் கெட்டுப்போச்சு. ஓட்டுனாலும் ஓட்டலன்னாலும் சார்ஜ் போட்டுக்கினே இருக்கணும். பச்ச வெளக்கு சும்மா காட்டும், மேட்டுல புட்டுக்கும்.” பிறகு சேகரைப் பார்த்தான். “ரெண்டு சுவிட்சையும் அமத்து. என் பேட்டரிய இழுத்து இவனுக்குப் போடு.”

இருக்கைக்குக் கீழே பெட்டி பெட்டியாக இரண்டு பேட்டரிகள். “ஒன்னு மட்டும் குடு, நீயும் வரலாம்” என்றேன்.

“நல்லதையும் கெட்டதையும் சேத்துப் போட்டா நல்லதும் கெடும். ரெண்டையும் எடுத்துக்க. நான் இங்க குந்தி காத்து வாங்கிக்கினு இருக்கேன்.”

சேகர் மாற்றிப் போட்டதும் நான் மேட்டில் ஏறினேன். நாற்காலி முனகவே இல்லை. வாசலில் கோமதி கண்ணைத் துடைத்துக்கொண்டு, “அப்பா, நீயே வந்துட்ட!” என்றாள். எல்லோரும் கை தட்டினார்கள். எனக்கு மட்டும், தட்டுவதெல்லாம் ஏழுமலையின் பேட்டரிக்கு என்று பட்டது.

சற்று நேரத்தில் மேட்டில் ஒரே கூச்சல். சேகர் பின்னால் இறுக்கிப் பிடித்திருக்க, இருபது பிள்ளைகள் சேர்ந்து ஏழுமலையைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். அவன் ராஜா போலக் கை ஆட்டினான். எதைத் தவிர்க்க நான் இவ்வளவு பாடுபட்டேனோ, அதில் அவன் குதூகலமாக வந்தான். அதற்கும் பொறாமைப்பட்டேன்.

திரும்பும் வழியில், வீட்டில் எப்படிச் சார்ஜ் போட்டாய் என்று விசாரித்தான். உறையோடு, அடுப்புக்குப் பக்கத்தில் என்றேன். தலையில் அடித்துக்கொண்டான். காற்று வரும் இடத்தில், அடுப்பும் துணியும் இல்லாமல், கொடுத்த சார்ஜரை மட்டும் போட வேண்டுமாம். தண்ணீர் ஊற்றிக் கழுவவே கூடாதாம், ஈரத்துணியால் துடைத்தால் போதுமாம்.

வீட்டுக்கு வந்ததும் அந்தப் பிளாஸ்டிக்கைக் கத்தரியால் அறுத்தேன். வேறு பேட்டரியும் போட்டாகிவிட்டது. சாயங்காலம் டீக்கடையிலிருந்து வந்து, நாற்காலியைக் கொஞ்சம் ஆறவிட்டு, சார்ஜ் போடுகிறேன். இப்போது என்னையும், “எங்க கெளம்பிட்ட?” என்று இரண்டு பேர் கேட்கிறார்கள். சக்கரத்தில் சேறும் இருக்கிறது.

ஏழுமலையுடையதைவிடக் கொஞ்சம் கம்மிதான்.