நரம்பு தொய்யக் கூடாது

என் கணவர் வளைகுடா வேலையை முடித்துக்கொண்டு ஊருக்கே வந்துவிட்டபோது, பெட்டியில் சோப்பு, சென்ட்டு, பால் பவுடர் எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு குட்டையான தூண்டில் ராடும் ரீலும் இருந்தன. அங்கே துறைமுகத்தில் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்தார். வெள்ளிக்கிழமை லீவில், கூட வேலை பார்த்த பிலிப்பைன்ஸ்காரர்களோடு கடலோரப் பாறைகளில் உட்கார்ந்து மீன் பிடித்துப் பழகியிருக்கிறார். நம் ஊரில் மாதிரி மண்புழு கோர்க்கிற தூண்டில் இல்லை அது. முள்ளின் தலையில் பட்டாணி அளவுக்கு ஈயக்குண்டு இருக்கும். முள்ளில் ஒரு ரப்பர் மீனை மாட்டுவார். தண்ணீரில் போட்டு, மெல்லத் தூக்கி, மெல்ல விட்டு, அந்த ரப்பரை உயிருள்ளது போல ஆட வைக்க வேண்டும். அதை அவர் ஜிக்கு என்றார்.

எங்கள் ஊர் திருச்சுழிக்கும் நரிக்குடிக்கும் நடுவில். கண்மாய் ஒரு வருடம் நிறைந்தால் அடுத்த இரண்டு வருடம் வெறும் சேறாகக் கிடக்கும். அவர் வந்த வருடம் நல்ல மழை. மிளகாய்க்குத் தண்ணீர் பாய்ச்சி முடித்த கையோடு மடைப் பக்கம் போய் உட்கார்ந்துவிடுவார். பல வருடங்கள் போனில் மட்டுமே பேசிக்கொண்டிருந்த மனிதர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாரே என்று நானும் பிளாஸ்டிக் கூடையோடு கூடப் போய் உட்கார்ந்துகொள்வேன்.

கண்மாயில் இருந்தது பெரும்பாலும் ஜிலேபி மீன். இரையை நன்றாகவே கவ்வும். ராடு வளையும். பாதி தூரம் வரும். பிறகு சட்டென்று ராடு நிமிர்ந்துகொள்ளும், மீன் போயிருக்கும்.

"இதுக வாயப் பாத்தியா? காயிதம். கொஞ்சம் வெடுக்குன்னு இழுத்தாப் போதும், கிழிஞ்சு போயிருது" என்பார்.

உண்மைதான். சில சமயம் முள்ளில் வெங்காயத் தோல் மாதிரி ஒரு துணுக்கு மட்டும் ஒட்டிக்கொண்டு வரும். மீனின் உதட்டைச் சுற்றியிருக்கிற சவ்வு அது. அவர் முள்ளை மாற்றினார். மெல்லிய முள், சின்ன முள், வளைவு அகலமான முள். ரீலைக் கொஞ்சம் இளக்கி வைத்தார், மீன் திமிறினால் நரம்பு தானாக ஓடட்டும் என்று. தூண்டில் கயிற்றை எங்கள் பக்கம் நரம்பு என்றுதான் சொல்வோம். வீட்டில் செல்போனில் மீன் பிடிக்கிற வீடியோவாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்படியும் பத்து கவ்வினால் இரண்டு கூடைக்கு வந்தால் பெரிது.

ஒருநாள் நான் சொன்னேன். "ஏங்க, மீனு வந்துக்கிட்டு இருக்கும்போதே ராடு தலை கீழ எறங்கிருது. நரம்பு தொய்ஞ்சு போகுது. அப்பத்தான் அது உதறிட்டுப் போகுது."

"நீ எனக்குச் சொல்றியாக்கும்?" என்று முறைத்தார். மறுநாள் என்னைக் கூப்பிடாமல் தனியாகப் போனார். வெறுங்கூடையோடு வந்தார்.

அந்தப் பருவம் முழுக்க மீனின் வாயைத்தான் திட்டிக்கொண்டிருந்தார். சட்டைப் பித்தான் போட நேரமாவதையும், கதவில் சாவி திரும்பாததையும் நாங்கள் அதோடு சேர்த்துப் பார்க்கவே இல்லை. தை முடிகிற சமயம், ஒரு பெரிய மீன் கவ்வியபோது ராடே கையை விட்டு நழுவித் தண்ணீருக்குள் போனது. மீன் குத்தகைக்காரர் வைத்திருந்த காவல்காரர்தான் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி எடுத்துக் கொடுத்தார்.

"என்னண்ணே, கையி வெலவெலங்குது? ஆசுபத்திரிக்குப் போயிட்டு வாங்கண்ணே" என்றார்.

அவர் தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் இருக்கிற சதை குழி விழுந்திருந்தது. நானும் அன்றைக்குத்தான் அதைப் பார்த்தேன்.

மதுரையில் ஊசி குத்தி, கரண்டு வைத்து, என்னென்னவோ பார்த்தார்கள். டாக்டர் நல்ல மனிதர். மழுப்பவில்லை. தசைக்குப் போகிற நரம்புகள் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டு வருகின்றன, இதை நிறுத்த மருந்து இல்லை, வேகத்தைக் கொஞ்சம் குறைக்கப் பார்க்கலாம் என்றார்.

"எக்சசைஸ் பண்ணுனா கை திரும்பிருமா சார்?" என்று இவர் கேட்டார்.

"திரும்பாது" என்றார் டாக்டர்.

திரும்பும் வழியில் காரியாபட்டியில் பஸ் நின்றபோது டீ வாங்கிக் கொடுத்தேன். இரண்டு கையாலும் கிளாஸைப் பிடித்துக் குடித்தார். வீடு வருகிற வரைக்கும் நான் சன்னலுக்கு வெளியே கருவேல மரங்களையே பார்த்துக்கொண்டு வந்தேன். அழுகை வரவில்லை. வந்திருந்தால் தேவலை என்று இருந்தது.

கொஞ்ச நாள் கழித்து ஒரு காலையில், "வா, கண்மாய்க்குப் போவோம்" என்றார். ராடை என் கையில் கொடுத்தார்.

"எனக்கு எதுக்குங்க இது?"

"நீ புடிக்கிறத எனக்குப் பாக்கணும். புடி."

எனக்கு மீன் கவ்வியதுமே சந்தோஷத்தில் கை தானாக வெட்டி இழுத்துவிடும். மீன் போய்விடும். அவர் தலையில் அடித்துக்கொள்ளக் கையைத் தூக்குவார், கை பாதியிலேயே நின்றுவிடும்.

"வெட்டாத புள்ள. கவ்வுனா டொக்குன்னு தெரியாது. சும்மா ஒரு கனம் ஏறுன மாதிரி இருக்கும். அப்ப ராடு தலைய மேல தூக்கு, அம்புட்டுத்தான். அது இழுத்தா விடு. அது நின்னா நீ சுத்து. ஆனா நரம்பு தொய்யக் கூடாது. தொய்ஞ்சா முள்ளு கழண்டுக்கும், இறுக்குனா வாயி கிழிஞ்சுக்கும்."

அவருக்கு எல்லாமே தெரிந்திருந்தது. தெரிந்ததைச் செய்யத்தான் கை இல்லை.

ஒருநாள் அந்தக் கனத்தை உணர்ந்தேன். ஈரத் துணி மாட்டிக்கொண்டது போல இருந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு ராடைத் தூக்கினேன். மீன் இடது பக்கம் ஓடியது, விட்டேன். நின்றது, சுற்றினேன். கரைக்குப் பக்கத்தில் வெள்ளை வயிறு தெரிந்ததும் அவர் கத்தினார். "நரம்பப் புடிச்சுத் தூக்கிறாத! கூடைய அடியில எறக்கு, கூடைய!"

கூடையைத் தண்ணீருக்குள் இறக்கி மீனை அள்ளிக்கொண்டேன். உள்ளங்கையை விடக் கொஞ்சம் பெரிய மீன். அதற்கு நாங்கள் இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் காவல்காரர் அக்கரையில் இருந்து எட்டிப் பார்த்தார். எங்கள் நல்ல நாட்கள் என்று எதையாவது சொல்ல வேண்டுமென்றால் அந்தச் சில வாரங்களைத்தான் சொல்வேன். அப்போதே அவருக்கு நடை தடுமாற ஆரம்பித்திருந்தது. வரப்பில் என் தோளைப் பிடித்துக்கொண்டுதான் வருவார்.

அடுத்த மழைக்குள் கால்கள் போய்விட்டன. அப்புறம் பேச்சு குழறியது. தண்ணீர் குடித்தால் மூக்கில் ஏறியது. விருதுநகரில் கட்டிக்கொடுத்திருந்த எங்கள் மகள் மாதத்துக்கு இரண்டு தடவை வந்து பார்த்துவிட்டு, போகும்போது பஸ் ஸ்டாப்பில் என்னைக் கட்டிக்கொண்டு அழுவாள். வேண்டாத கோயில் இல்லை, பார்க்காத வைத்தியம் இல்லை என்று சொல்ல மாட்டேன். டாக்டர் சொன்னதை இவர் நம்பிவிட்டார். அதனால் என்னையும் எங்கும் அலைய விடவில்லை.

போன பருவத்தில் கண்மாயில் அரைத் தண்ணீர்தான். ஒரு காலையில் கட்டிலில் இருந்து என்னவோ சொன்னார். காதைப் பக்கத்தில் வைத்துக் கேட்டேன். "மீ...னு" என்றார்.

பக்கத்து வீட்டுப் பெண்ணை அவருக்குத் துணைக்கு வைத்துவிட்டு ராடை எடுத்துக்கொண்டு போனேன். வழியில் இரண்டு பேர், "புருஷன் இந்த நெலமையில கெடக்காரு, இவுக மீன் பிடிக்கக் கெளம்பிட்டாக" என்று என் காது படவே பேசினார்கள். நான் நிற்கவில்லை. அன்றைக்கு இரண்டு மீன் கவ்வின, இரண்டும் கூடைக்கு வந்தன. ஒன்றைக்கூடத் தவறவிடவில்லை. எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

காரம் போடாமல் அவித்து, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பது போல ஒவ்வொரு முள்ளாக எடுத்து, கஞ்சியில் மசித்து, தலையணையை உயர்த்தி வைத்து ஊட்டினேன். முதல் கரண்டி இறங்கியது. கண்ணை மூடிக்கொண்டு ருசித்தார். இரண்டாவது கரண்டியில் புரையேறிவிட்டது. இருமக்கூடத் தெம்பில்லை. முகம் கறுத்துக்கொண்டே போனது. பக்கத்து வீட்டுப் பெண்ணும் நானும் அவரைக் குப்புறத் திருப்பி முதுகில் தட்டித் தட்டி, வாயில் விரலை விட்டு வழித்து எடுத்தோம். எப்படியோ மூச்சு வந்தது. ஆம்புலன்ஸில் அருப்புக்கோட்டைக்குக் கொண்டு போனோம். அங்கே மூக்கு வழியாகக் குழாய் போட்டு அனுப்பிவிட்டார்கள். இனிமேல் வாய் வழியாக எதுவும் கொடுக்கக் கூடாது என்றார்கள்.

வீட்டுக்கு வந்ததும் நான் அவர் காலடியில் உட்கார்ந்து, "மன்னிச்சிருங்க" என்றேன். அவர் அதைக் கேட்டுக்கொள்ளவே இல்லை. வாயை அசைத்துக்கொண்டிருந்தார். வெகுநேரம் கழித்துத்தான் புரிந்தது. மீனை எப்படிப் பிடித்தாய் என்று கேட்கிறார்.

சொன்னேன். எந்த இடத்தில் போட்டேன், எப்போது கனம் தெரிந்தது, முதல் மீன் எந்தப் பக்கம் ஓடியது, எவ்வளவு விட்டேன், எப்போது சுற்றினேன் என்று ஒன்று விடாமல் சொன்னேன். கண் இமைக்காமல் கேட்டார். முடிந்ததும் திரும்பவும் வாயை அசைத்தார். இரண்டாவது மீனையும் சொல்லச் சொன்னார்.

பங்குனியில் குத்தகைக்காரர் மிச்சத் தண்ணீரை மோட்டார் வைத்து இறைத்து, வலை போட்டு எல்லா மீனையும் அள்ளிவிட்டார். லோடு வண்டிகள் எங்கள் தெரு வழியாகத்தான் மதுரைக்குப் போயின. சத்தம் கேட்டு அவர் கண்ணைத் திருப்பினார்.

"மீன அள்ளிட்டுப் போறாக" என்றேன்.

கொஞ்ச நேரம் வாசல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டார். படுக்கைப் புண் வராமலிருக்க அவரை இடது பக்கமாகத் திருப்பிப் படுக்க வைக்கிற நேரமாகியிருந்தது. திருப்பிப் படுக்க வைத்தேன்.