தார் டிரம்மில் வளர்ந்த பலா

கப்பலூரில் இன்றைக்கு என் பேரில் இரண்டு ஷெட் நிற்கிறது. இரண்டுக்கும் தூண் நட்டதும் கூரை ஏற்றியதும் நான். திருப்பரங்குன்றம் போகிற வழியில் மாடி வைத்த வீடு கட்டியிருக்கிறேன். அதன் கேட்டிலிருந்து மொட்டை மாடிக் கம்பி வரைக்கும் என் பட்டறையில் வளைந்தது. இரண்டு தங்கச்சிகளுக்குக் கல்யாணம் செய்து வைத்தேன். தம்பியைப் படிக்க வைத்து வேலையில் உட்கார வைத்தேன். மதுரைக்கு மேற்கே மானாவாரிக் காட்டில் பிறந்து, நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, மழை இல்லாத ஒரு வருஷத்தில் பஸ் ஏறி வந்தவன் நான். கை கொடுத்துத் தூக்கிவிட ஆள் கிடையாது. வெல்டிங் பிடிக்க யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தரவும் இல்லை. அடுத்தவன் பிடிக்கிறதைப் பார்த்துப் பார்த்துக் கண் எரிந்து கற்றுக்கொண்டேன். இந்த ஊரில் நான் செய்த கேட்டைத் திறந்து உள்ளே போகாத ஆள் குறைவு என்றுதான் சொல்ல வேண்டும்.

இவ்வளவும் செய்தவனால் ஒன்று மட்டும் முடியவில்லை. நான் விதை போட்டு வளர்த்த ஒரு பலாமரத்தை என் வீட்டு வாசலுக்குக் கொண்டுவர முடியவில்லை. இரும்பு என்றால் சூடு காட்டி வழிக்குக் கொண்டுவந்துவிடலாம். இது வேறு.

அந்த விதையைப் போட்ட காலத்தில் பழங்காநத்தத்தில் ஒரு சந்துக்குள் வாடகைக்கு இருந்தோம். வீட்டுக்காரர் சௌராஷ்டிரர், நூலுக்குச் சாயம் போடுகிற தொழில். முன்கட்டில் அவர்கள் குடும்பம், பின்கட்டில் நானும் என் வீட்டுக்காரியும். இரண்டுக்கும் நடுவே கொஞ்சம் மண் தரை, ஒரு துவைகல், ஒரு குழாய். அவர்களுக்குள் அவர்கள் பாஷை பேசுவார்கள். நம்மிடம் திரும்பினால் சுத்தமான மதுரைத் தமிழ் வரும். குடி வந்த அன்றே அவர் சட்டம் சொல்லிவிட்டார்.

“தம்பி, செவத்துல ஆணி அடிக்கக் கூடாது. மரம் வைக்கக் கூடாது. மத்தபடி ஒங்க வீடு மாதிரி இருந்துக்கங்க.”

“செடி வைக்கலாமாண்ணே?”

“வைங்க. மண்ணுல மட்டும் வேணாம். வேரு போயி அஸ்திவாரத்தைத் தூக்கிரும்.”

எனக்கு விதை போடுகிற பழக்கம் முதலிலிருந்தே உண்டு. எந்தப் பழம் தின்றாலும் கொட்டையைத் துப்ப மனசு வராது. டால்டா டப்பாவில் சீத்தா, ஓட்டை வாளியில் கொய்யா, உடைந்த மண்பானையில் எலுமிச்சை என்று பின்கட்டு முழுக்க வைத்திருந்தேன். பப்பாளியைப் பற்றிப் பெருமை பேச ஒன்றும் இல்லை. அது காக்கா எச்சத்திலேயே வந்துவிடும். பலாதான் என்னை இழுத்தது. மதுரை வெயிலுக்குப் பலா வராது, மலையில்தான் வரும் என்று எல்லாரும் சொன்னார்கள். வராது என்று சொன்னால் நான் விட மாட்டேன்.

விதை வந்த கதையையும் சொல்கிறேன். செங்கோட்டை வழியாகக் கேரளாவிலிருந்து வரும் ஒரு லாரிக்குப் பின்கதவுக் கீல் விட்டுப்போய், பட்டறைக்கு வந்தது. வண்டி நிறையப் பலா. வேலை முடிந்ததும் டிரைவர் ஒரு பழத்தை இறக்கிக் கொடுத்தார். ஷெட்டிலேயே வெட்டினோம். ஒவ்வொரு சுளையும் தேங்காய்ச் சில்லு மாதிரிக் கெட்டி, கடித்தால் நறுக்கென்று சத்தம். கொட்டைகளைக் கர்சீப்பில் கட்டி வீட்டுக்குக் கொண்டுபோனேன். பாதியை என் வீட்டுக்காரி குழம்பில் போட்டாள். மீதியைப் பூசணி விதை மாதிரி ஜன்னலில் வெயில் படக் காயவைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு ஊன்றினேன். ஒன்றுகூட முளைக்கவில்லை. அடுத்த சீசனில் அதே டிரைவர் வந்தபோது சொன்னேன். அவர் சிரித்தே விட்டார்.

“அண்ணே, பலாக்கொட்டையக் காயவச்சா செத்துப்போகும்ல. ஈரத்தோட ஊனணும்.”

அவர் கொடுத்த இரண்டாவது பழத்தின் கொட்டைகளை அன்றைக்கே ஊன்றினேன். மூன்று முளைத்தன. ஒன்றைக் கோழி கிளறியது, ஒன்று தானாக வாடியது. மிஞ்சிய ஒன்றுதான் இந்த மரம். எமர்ஜென்சி முடிந்த வருஷம் அது.

கன்று முழங்கால் உயரம் வந்ததும் அதற்கு இடம் தேடினேன். மண்ணில் வைக்கக் கூடாது. ரோடு போட்டு முடித்தவர்களிடம் ஒரு காலித் தார் டிரம் வாங்கி, உள்ளே ஒட்டியிருந்த தாரை எரித்து எடுத்தேன். தண்ணீர் தேங்கக் கூடாது என்று அடியில் ஓட்டை போட்டேன். பிறகு நான் செய்ததுதான் வேலை. டிரம்முக்கு இரண்டு பக்கமும் கனமான வளையம் வைத்து வெல்டு அடித்தேன். எதற்கு? நாளைக்குச் சொந்த வீடு கட்டிப் போகும்போது, வளையத்துக்குள் பைப்பை விட்டுப் பல்லக்கு மாதிரி தூக்கிக்கொண்டு போகலாம் என்று. வாடகைக்குக் குடியிருக்கிறவன் மரம் வளர்க்க வேண்டுமானால் இப்படி யோசித்தால்தான் முடியும். அன்று அதை யாரும் யோசிக்கவில்லை, நான் யோசித்தேன்.

என் வீட்டுக்காரியின் தம்பிக்கு இதைப் பார்த்தால் சிரிப்பு அடங்காது.

“மச்சான், பலாப்பழம் திங்கணும்னா மார்க்கெட்டுக்குப் போகணும். டிரம்முக்குக் காவல் இருக்கக் கூடாது.”

“சொந்த வீட்டு வாசல்ல நிக்கும் பாரு, மாப்ள.”

“வீடு எங்க இருக்கு?”

“கட்டுவேன்டா.”

“அப்ப மரம் மொதல்ல வந்துருச்சு, வீடு பின்னாடி வருதாக்கும்.”

ஆனால் மரம் வந்தது. அரிசி கழுவின தண்ணீர், பாத்திரம் தேய்த்த தண்ணீர், குளித்த தண்ணீர், எல்லாம் அந்த டிரம்முக்குத்தான். ஊற்றியது பெரும்பாலும் என் வீட்டுக்காரிதான், அதை மறைக்கவில்லை. நான் பட்டறையிலிருந்து வந்ததும் முதலில் இலையைத் தொட்டுப் பார்ப்பேன். இரண்டு மூன்று வருஷத்தில் கூரையை எட்டியது. டிரம்முக்குள் இத்தனூண்டு மண்ணை வைத்துக்கொண்டு எப்படி இவ்வளவு வளர்கிறது என்று எல்லாரும் ஆச்சரியப்பட்டார்கள். எல்லாம் என் கைப்பக்குவம் என்று சொன்னேன். அப்படித்தான் நினைத்தேன். கீழே குனிந்து பார்க்கத் தோன்றவில்லை.

வீடும் வந்தது. மனை வாங்கி, அஸ்திவாரம் போட்டு, இரண்டு வருஷம் இழுத்து, ஒரு வழியாகக் கட்டி முடித்தேன். வாசலில் கேட்டுக்கு வலது பக்கம், டிரம் அளவுக்குக் கணக்காக ஒரு குழி வெட்டி வைத்தேன். கொத்தனார் அதைச் சுற்றிப் போகும்போதெல்லாம் முனகுவார். வாசலில் பலா நிற்கும், அதற்குப் பிறகுதான் வீடு தெரியும் என்று அவரிடம் சொல்லியிருந்தேன்.

பால் காய்ச்சுகிற நாள் விடிகாலையில் லாரி சந்து முனையில் நின்றது. சாமான் எல்லாம் ஏற்றியாகிவிட்டது. கடைசியாக மரம். பட்டறை ஆட்கள் நால்வர், மச்சினன், நான். வளையத்தில் பைப்பை நுழைத்தோம்.

“தம் புடிங்கடா. ஒண்ணாத் தூக்கணும்.”

தூக்கினோம். அசையவில்லை.

“அண்ணே, உள்ள கல்லு கில்லு போட்டு வச்சிருக்கீகளா?”

“மண்ணுதான்டா. தூக்கு.”

மறுபடியும் தூக்கினோம். டர்ரென்று சத்தம். ஒரு வளையம் கையோடு வந்துவிட்டது. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். குனிந்து பார்த்தேன். வெல்டு விடவில்லை. இதைச் சொல்லியாக வேண்டும். வளையத்தோடு ஒரு கையகலம் தகரமும் சேர்ந்தே கிழிந்து வந்திருந்தது. அத்தனை வருஷத் தண்ணீரில் டிரம் இற்றுப்போயிருந்தது, என் வெல்டு மட்டும் நின்றது.

கிழிந்த இடம் வழியாகப் பார்த்தால் உள்ளே மண்ணே தெரியவில்லை, வேர்தான் தெரிந்தது. மச்சினன் கடப்பாறையால் டிரம்முக்குக் கீழே கிளறினான். நான் போட்ட ஓட்டை வழியாக இறங்கி, ஓட்டையையே அகலமாக்கிக்கொண்டு, என் மணிக்கட்டுப் பருமனில் ஒரு வேர் நேராக மண்ணுக்குள் போயிருந்தது. பக்கத்தில் இன்னொன்று துவைகல் பக்கம் ஓடியிருந்தது. டிரம் அங்கே பேருக்குத்தான் இருந்திருக்கிறது. மரம் எப்போதோ தரையில் நின்றுவிட்டது.

“மச்சான், வெட்டிட்டுத் தூக்குவோம். பொழைச்சாப் பொழைக்கட்டும்,” என்றான்.

“பொழைக்கலேன்னா?”

அவன் கடப்பாறையைக் கீழே வைத்தான். அன்றைக்கு அவன் கிண்டல் பேசவும் இல்லை, அது இன்னும் பயமாக இருந்தது. ரம்பத்தை எடுத்து வேரில் வைத்தேன். ஒரு இழுப்பு இழுத்தேன், பால் கசிந்தது. அதற்கு மேல் கை ஓடவில்லை. காலமெல்லாம் இரும்பை அறுத்த கை அது.

சத்தம் கேட்டு முன்கட்டிலிருந்து வீட்டுக்காரரும் அவர் சம்சாரமும் வந்தார்கள். அவர் வேரைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். மண்ணில் வேண்டாம் என்று சொன்னவர் என்ன சொல்லப் போகிறாரோ என்று நின்றேன். அவர்கள் இரண்டு பேரும் அவர்கள் பாஷையில் பேச ஆரம்பித்தார்கள். நடுநடுவே மரத்தைப் பார்ப்பார்கள், என்னைப் பார்ப்பார்கள். என் மரத்துக்குத் தீர்ப்பு நடக்கிறது என்று மட்டும் தெரிந்தது. ஒரு வார்த்தை புரியவில்லை. அந்த வீட்டில் அத்தனை வருஷம் இருந்தும் நான் அந்தப் பாஷையில் ஒன்றும் கற்றுக்கொள்ளவில்லை.

கடைசியில் அவர் தமிழில் சொன்னார். “வெட்டாதீங்க தம்பி. இருந்துட்டுப் போகட்டும். நாங்க பாத்துக்கிறோம்.”

“செவத்துக்கு வேரு வரும்ணே.”

“வந்தா வரட்டும். அவ விட மாட்டேங்கிறா.”

அந்த அக்கா மரத்தடியில் நின்று சிரித்தார். என் வீட்டுக்காரி தெருவிலிருந்து கூப்பிட்டாள். “நல்ல நேரம் போகுது. பால் காய்ச்சணுமா வேண்டாமா?” நான் என்ன செய்ய? கும்பிட்டுவிட்டு லாரியில் ஏறினேன். என் மரத்தை வைத்துக்கொள்கிறவருக்கு நானே நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

வாசல் குழிக்கு அதற்குப் பிறகு நான் செய்யாத வைத்தியம் இல்லை. புதிதாகக் கொட்டை ஊன்றினேன். அந்தப் பக்கம் கிணற்றுத் தண்ணீர் உப்பு, கீழே பாறை. முளைக்கும், நாலு இலை விடும், ஓரம் கருகும், போய்விடும். ஊருக்குள் குழாயில் தண்ணீர் வராத வருஷம் வந்தபோது, என் வீட்டுக்காரி அந்தக் குழியைத் தண்ணீர்த் தொட்டியாகக் கட்டச் சொன்னாள். கட்டினேன்.

அதே பஞ்சத்தில்தான் ஒருநாள் பழங்காநத்தம் வழியாகச் சைக்கிளில் போனேன். மதிலுக்கு மேலே மரம் தெரிந்தது. இலை பாதி உதிர்ந்து நின்றது. பின்கட்டுக்குப் புதிதாகக் குடி வந்தவர்கள் அதில் கயிறு கட்டித் துணி காயப்போட்டிருந்தார்கள். அவிழ்க்கச் சொல்ல நான் யார்? மறுநாள் பட்டறையிலிருந்து ஒரு கேன் தண்ணீரைக் கேரியரில் கட்டிக்கொண்டு போனேன். அந்த அக்காதான் கதவைத் திறந்தார்.

“எதுக்குத் தம்பி செரமம்? இப்பத்தான் ரெண்டு கொடம் ஊத்துனேன். எங்களுக்கு இருக்கோ இல்லையோ அதுக்கு ஊத்திருவேன்.”

கேனைத் திரும்பக் கட்டிக்கொண்டு வந்தேன். வழியெல்லாம் அது தளும்பிச் சட்டையை நனைத்தது.

அதற்கடுத்த வருஷமோ என்னவோ மரம் காய்த்தது. கிழிந்த டிரம் விளிம்பை ஒட்டி, அடிமரத்திலேயே முதல் காய். அவர்கள் மறக்கவில்லை, ஒரு தட்டு நிறையச் சுளை கொடுத்தனுப்பினார்கள். என் வீட்டுக்காரிக்கு முகமெல்லாம் சந்தோஷம். நான் ஒரு சுளையை எடுத்தேன். ஷெட்டில் தின்ற பழத்தின் நறுக்கு அதில் இல்லை. கொஞ்சம் குழைவு, இனிப்பும் ஒரு மாற்றுக் குறைவு. கொட்டையிலிருந்து வருகிற மரம் அப்படித்தான், அது தன் இஷ்டத்துக்குத்தான் காய்க்கும். வாசம் மட்டும் அதே வாசம். இரண்டாவது சுளை எனக்கு இறங்கவில்லை. என் மரத்துப் பழம் எனக்குத் தட்டில் வருகிறது.

அவர்கள் மகள் கல்யாணத்துக்குக் குடும்பத்தோடு போயிருந்தோம். வீட்டுக்கு வந்த சொந்தக்காரர்கள் எல்லாரும் பின்கட்டுக்குப் போய் மரத்தைப் பார்த்தார்கள். ஒரு பெரியவர் கேட்டார்.

“மதுரையில பலா எப்படிய்யா வந்துச்சு?”

வீட்டுக்காரர் சொன்னார், “எங்க வீட்டம்மா கைராசி.”

நான் பக்கத்தில்தான் நிற்கிறேன். “அண்ணே,” என்றேன். அவர் திரும்பிப் பார்த்தார், நல்ல மனசோடுதான் என் தோளில் கை போட்டார். “ஆமாமா, மறந்துட்டேன். இந்த டிரம்மைக் குடுத்தது இவருதான்.”

எல்லாரும் டிரம்மைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். கொட்டை ஊன்றியதே நான்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். கல்யாண வீடு, நான் விருந்தாளி. பந்திக்குக் கூப்பிட்டார்கள், போய் உட்கார்ந்தேன்.

அந்தப் பெரியவர் இன்று இல்லை. வீட்டுக்காரரும் இல்லை. மரம் இருக்கிறது. சந்துக்காரர்கள் சாயக்காரர் வீட்டுப் பலா என்றுதான் சொல்கிறார்கள். என் பேரன் பேத்திகளுக்கே இது தெரியாது. அதனால்தான் எழுதுகிறேன்.

தண்ணீர் ஊற்றிய பங்கு என் வீட்டுக்காரிக்கும் அந்த அக்காவுக்கும் உண்டு, பஞ்சத்தில் காப்பாற்றியது அவர்தான், யாரும் மறுக்க முடியாது. எனக்குப் பழம் வேண்டாம், மரம் வேண்டாம். அந்த வீட்டுப் பிள்ளைகளும் அந்தச் சந்தில் இருக்கிறவர்களும் ஒன்று செய்ய வேண்டும். இனி யாராவது வந்து இது எப்படி வந்தது என்று கேட்டால், பின்கட்டில் குடியிருந்த வெல்டிங்காரன் ஈரம் காயாத கொட்டையைக் கொண்டுவந்து ஊன்றினான் என்று முதலில் சொல்லுங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு சொல்லிக்கொள்ளலாம்.