ஒயருக்குள் ஏறிய எண்ணெய்

காலை ஐந்தே முக்கால் மணிக்குப் பதினாலு பேரை ஏற்றிக்கொண்டு கௌதமன் ஆண்டர்சன்பேட்டையிலிருந்து பெங்களூருக்கு வேன் எடுப்பார். போன வருடம் ஆயுத பூசை சமயத்தில், அந்த வேன் வழியில் எங்கே நிற்கும் என்பது அவருக்கே தெரியாது.

வண்டிகளுக்கு ஒயரிங் வேலை பார்ப்பது என் தொழில். இதில் கெட்டுப்போன பாகத்தைக் கண்டுபிடிப்பது பாதி வேலை; கெடாத பாகத்தைக் கழற்றி எறியாமலிருப்பது மீதிப் பாதி. டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிந்ததும் யாரோ சொன்னார்கள் என்று சென்சாரை மாற்றிவிட்டு, மறுநாளும் அதே விளக்கைப் பார்த்துக்கொண்டு நின்ற அனுபவம் உங்களுக்கும் இருக்கும். நாமெல்லாம் ஒரே கட்சி.

பூசை போட்ட இன்ஜின்

ஆயுத பூசை முடிந்த வாரம் எனக்கு ஓய்வே கிடையாது. பூசைக்கு முந்தின நாள் வாட்டர் சர்வீஸில் விட்டு இன்ஜினுக்குள் தண்ணீரைப் பீய்ச்சுவார்கள். சென்சாரையும் ஒயரையும் சேர்க்கிற பிளாஸ்டிக் கனெக்டருக்குள் ஈரம் இறங்கும். வண்டி இருமத் தொடங்கும். கழற்றி, துடைத்து, காற்றடித்துக் காயவைத்தால் சரியாகிவிடும்.

சேகர் என்ற கார்க்காரர் வந்தார். ஆக்சிலேட்டரை மிதித்தால் வண்டி யோசித்து யோசித்துப் போகிறது என்றார். பானெட்டைத் திறந்தேன். த்ராட்டில் சென்சார் கனெக்டரின் மேல் எறும்பு வரிசை. உள்ளே பின்களில் பிசுபிசுப்பு. வெறும் தண்ணீருக்கு எறும்பு வராது. விசாரித்ததில் மனிதர் பானெட்டைத் திறந்து வைத்து, இன்ஜின் மேலேயே தேங்காய் உடைத்திருக்கிறார். எல்லாரையும் போல டயருக்கு முன்னால் உடைக்கக் கூடாதா என்று கேட்டேன்.

"பூசை இன்ஜினுக்கா, டயருக்கா? நீங்களே சொல்லுங்கண்ணா."

விகாரைக்குப் போன நாள்

அதே வாரம் சனிக்கிழமை மதியம் கௌதமன் வேனைக் கொண்டுவந்து நிறுத்தினார். ஓடிக்கொண்டிருக்கும்போதே இன்ஜின் அணைந்துவிடுகிறது. கொஞ்ச நேரம் கழித்து ஒன்றும் நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகிறது. இன்ஜின் சுற்றுவதைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் கிராங்க் சென்சாரை வேறு இடங்களில் இரண்டு முறை மாற்றிவிட்டார்கள். அவர் ஏற்றிச் செல்லும் பதினாலு பேரும் ஒரே கம்பெனி. இன்னொரு முறை வழியில் நின்றால் ரூட்டை வேறு வண்டிக்குக் கொடுத்துவிடுவோம் என்று அங்கே சொல்லிவிட்டார்கள். திங்கட்கிழமை காலை வண்டி ஓடியாக வேண்டும்.

பக்கத்துப் பட்டறை பீட்டர் இன்ஜின் மெக்கானிக். எட்டிப் பார்த்துவிட்டு, "பூசைத் தண்ணி. இதுக்கு இன்னாத்துக்கு யோசன?" என்றார். எனக்கும் அதுதான் தோன்றியது. வாட்டர் சர்வீஸ் எங்கே விட்டீர்கள் என்று கௌதமனைக் கேட்டேன்.

"எங்க வூட்ல ஆயுத பூசையே கெடையாதேண்ணா. நாங்க புத்த விகாரைக்கு நடந்து போனோம், வண்டி கம்முனு வூட்டாண்ட நின்னுக்கினு இருந்துச்சு. அதும் மேல ஒரு சொட்டுத் தண்ணி பட்ல."

வெள்ளைக் காகிதம்

தண்ணீர் இல்லை என்றால் வேறு என்ன? கோளாறைப் படித்துக் காட்டும் ஸ்கேனரை ஓரமாக வைத்துவிட்டு டிஷ்யூ காகிதத்தை எடுத்தேன். ஒவ்வொரு கனெக்டராகக் கழற்றி, உள்ளே காகிதத்தைச் சுருட்டி விட்டுப் பார்ப்பது என் பழக்கம். தண்ணீர் இறங்கி நாளாகியிருந்தால் பச்சைப் பூஞ்சணம் மாதிரி ஒட்டிக்கொண்டு வரும். இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் என்றால் காகிதம் அதன் நிறத்தைக் காட்டும். எண்ணெய் என்றால் காகிதம் கண்ணாடி மாதிரி வெளிச்சத்தை உள்ளே விடும்.

கிராங்க் சென்சார் சுத்தம். அடுத்ததும் சுத்தம். கடைசியாக ஓட்டுநர் சீட்டுக்கு அடியில் இருக்கும் இன்ஜின் கம்ப்யூட்டரின் பெரிய கனெக்டரைக் கழற்றினேன். காகிதத்தில் எண்ணெய். பின்களில் எண்ணெயும் தூசும் சேர்ந்து கறுப்பாகப் படிந்திருந்தது. வண்டி குலுங்கும்போது மின் தொடர்பு விட்டுப்போவதற்கு அது போதும். ஆனால் இன்ஜின் முன்னால், கம்ப்யூட்டர் சீட்டுக்கு அடியில். நடுவில் ஒரு தகரச் சுவர். எண்ணெய் எப்படி வந்தது? பீட்டரைக் கூப்பிட்டுக் காட்டினேன். முகர்ந்து பார்த்தார்.

"வண்டில எவனோ பஜ்ஜி துன்னுட்டுக் கைய சீட்டுலயே தொடச்சுக்கீறான்."

மேலே ஏறியது

இது சுரங்க ஊர். தண்ணீர் சொட்டுகிற இடம் வேறு, அது புறப்பட்ட இடம் வேறு என்பது இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எண்ணெய் வெளியே எங்கும் வழியவில்லை. அப்படியானால் உள்வழியாக வந்திருக்கிறது. கனெக்டரில் எண்ணெய் அதிகமாக இருந்த பின்னின் ஒயரைப் பிடித்துக்கொண்டு இன்ஜின் வரை போனேன். எண்ணெயின் அழுத்தத்தை அளக்கும் ஆயில் பிரஷர் சென்சாரில் போய் முடிந்தது. ஒயரை நடுவில் வெட்டி, மேல் உறையைக் கொஞ்சம் சீவினேன். செம்பு இழைகளுக்கு நடுவிலிருந்து எண்ணெய் முத்து முத்தாக வந்தது. சென்சாரின் உள் சீல் விட்டுப்போய், ஒயரே குழாயாகிவிட்டது.

அந்த நிமிடம் எனக்கு இருந்த சந்தோஷத்தை மறைக்க மாட்டேன். பீட்டரையும் கௌதமனையும் இரண்டு பக்கமும் நிற்க வைத்துக் காட்டினேன். கௌதமனின் அப்பா சுரங்கத்தில் பம்ப் ஓட்டியவர். மகன் ஒயரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சுரங்க ஷாஃப்ட்ல தண்ணி மேல வரணும்னா பம்பு வேணும்ணா. இங்க எவன் பம்பு வச்சான்?"

இன்ஜினே வைத்திருக்கிறது, அதன் ஆயில் பம்ப்தான் என்றேன். பஜ்ஜி என்று சொன்ன பீட்டர் ஒயரை வாங்கி இன்னொரு முறை முகர்ந்து பார்த்தார்.

பதினைந்தாவது ஆள்

ஞாயிற்றுக்கிழமை முழுக்க வேலை. புது சென்சார் போட்டேன். எண்ணெய் ஏறிய ஒயரை எடுத்துவிட்டு வேறு இழுத்தேன். நடுவில் ஒரு இடத்தில் இழைகளை ஈயம் வைத்து ஒன்றாக அடைத்தேன். இனி ஒரு சென்சார் கசிந்தாலும் எண்ணெய் அதைத் தாண்டாது. கம்ப்யூட்டர் கனெக்டரைப் பின் பின்னாகக் கழுவிக் காயவைத்தேன்.

திங்கட்கிழமை காலை நானும் வேனில் ஏறினேன். நம்பிக்கை இல்லாமல் இல்லை. நிற்காமல் போவதை நேரில் பார்க்க ஆசை. முன்பு நின்றுபோன ஒரு மேடு வந்தபோது பின் சீட்டுக்காரர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள். மேட்டைத் தாண்டினோம். கம்பெனி கேட்டில் எல்லோரும் நேரத்துக்கு இறங்கினார்கள். முன் சீட்டில் வந்த நிர்மலா, ரயிலுக்கு மாறிவிடப் போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தவர், என் பக்கம் திரும்பினார்.

"இத்தினி நாளா நின்னுடுமோன்னு தூக்கம் வர்ல. இன்னிக்கு ஏன் இன்னும் நிக்கலன்னு தூக்கம் வர்ல. நாளைக்கு நீங்க ஏறாதீங்கண்ணா, மெக்கானிக்கு கூடவே வந்தா பயம் போவாது, நான் தூங்கணும்."

ரூட் கௌதமனிடமே இருக்கிறது. இந்த வருடம் ஆயுத பூசைக்கு அடுத்த திங்கட்கிழமை, அவருடைய வேன் ஐந்தே முக்காலுக்குப் பெங்களூருக்குக் கிளம்பியது, சேகரின் கார் எறும்புகளோடு என் பட்டறைக்கு வந்தது.