தீபாவளியன்று ஓடும் மாவு மில்

மிளகாய் அரைத்த கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, மோந்து பார்த்து, நெடி போகவில்லையென்று மறுபடியும் கழுவிவிட்டுத்தான் கொளஞ்சியம்மாள் தன் நாயின் காதைத் தூக்கிப் பார்க்கிறார். காதுக்குள் உண்ணி இருக்கிறதா, சீழ் வாடை வருகிறதா என்று பார்த்தாகிவிட்டால் அடுத்தது ஈறு. மேலுதட்டைக் கட்டைவிரலால் ஒதுக்கி, "செவப்பா இருக்குது. ரத்தம் கம்மியில்ல" என்று உரக்கச் சொல்லிக்கொள்கிறார். கேழ்வரகுத் தூக்கோடு வரிசையில் நிற்பவர்கள் அதுவரை நிற்க வேண்டியதுதான். தவிட்டி என்ற அந்த நாயும் ஒரு நாளும் அவசரப்பட்டதில்லை.

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் போகும் சாலையில், கரும்பு லாரிகள் மூச்சுவாங்கித் திரும்பும் வளைவில் இருக்கிறது அவருடைய மாவு மில். அரிசி, கேழ்வரகுக்கு ஒரு மிஷின். மிளகாய், மல்லிக்குத் தனியாக ஒன்று. மிளகாய் ஓடும் நேரத்தில் தவிட்டியைப் பின்வாசல் வேப்பமரத்தடிக்கு அனுப்பிவிடுவார். கொளஞ்சியம்மாளுக்கு வயது ஐம்பது தாண்டிவிட்டது. தலையில் எவ்வளவு நரை, எவ்வளவு மாவு என்று யாருக்கும் தெரியாது. கல்யாணமாகி வந்த நாள் முதல் இந்தச் சத்தத்துக்குள்ளேயே நின்றதில் காது பாதி போய்விட்டது. அதனால் பேச்சு எப்போதும் உச்சத்தில்தான். அவரிடம் ஒரு ரகசியத்தைச் சொல்லலாம், தவறில்லை. ஆனால் அவர் பதில் சொல்லுவார், அது எதிர்ச் சாரி டீக்கடை வரைக்கும் கேட்கும்.

அரைக்க வந்தவரிடம் எத்தனை கிலோ என்று கேட்பதற்கு முன்பே ஒரு கேள்வி விழும்: "நாய்க்கு ஊசி போட்டாச்சா?" போடவில்லை என்றால் தூக்கு வரிசையின் கடைசிக்குப் போய்விடும். "இன்னாக்கா அநியாயம் இது? நாய்க்கும் மாவுக்கும் இன்னா சம்பந்தம்?" என்று ஒருவர் சண்டைக்கு நின்றபோது நான் பக்கத்தில்தான் இருந்தேன். "உன் நாய்க்கு வெறி புடிச்சிக் கடிச்சா என் கஸ்டமருதான கம்மியாவாங்க? போ, பின்னால போ" என்றார். அந்த மனிதர் மறுவாரமே கால்நடை மருத்துவமனையில் நாயைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றதையும் பார்த்தேன். கேழ்வரகு மாவுக்கும் முறுக்கு மாவுக்கும் பயந்தே எங்கள் தெரு நாய்கள் ஆரோக்கியமாக இருக்கின்றன.

ஆனால் நான் இவரைப் பற்றி எழுத உட்கார்ந்தது இதற்காக இல்லை. தீபாவளியன்று ஊரிலுள்ள எல்லா மில்லும் பூட்டியிருக்கும்போது இவர் மில் மட்டும் ஓடும். அரைக்க ஒரு மணி தானியம் இருக்காது. உள்ளே அரைக்கும் தகடு இரண்டும் உரசாதபடி திருகைத் தளர்த்திவிட்டு, பச்சைப் பட்டனை அமுக்கி, வெறும் மிஷினை ஓடவிடுவார். உள்ளே நாய்கள் படுத்திருக்கும்.

பல வருஷத்துக்கு முன் தீபாவளிக்கு முதல் நாள் முறுக்கு மாவுக் கூட்டத்தில் அவர் கவனித்தது இது. மிஷின் ஓடும்போது தவிட்டி தூங்கியது; நின்றதும் நடுங்கியது. "வெளிய எவனோ அணுகுண்டு வெச்சிக்கினு இருக்கான். உள்ள மிஷினு ஓடுனா நாய்க்கு அது கேக்கவே இல்ல. புள்ளைங்களும் அப்படித்தான் சார். இடுப்புல அழுதுக்கினே வர்ற கொழந்த இங்க வந்து ரெண்டு நிமிசத்துல தூங்கிடும். ஒரே சத்தமா இருந்தா பயம் கெடையாது. திடீர்னு வர்ற சத்தந்தான் பயம்." மறுநாள் தவிட்டிக்காக மட்டும் மில்லை ஓட்டினார். அடுத்த வருஷம் பக்கத்து வீட்டு நாயும் வந்தது. அதற்கடுத்த வருஷம் என் நாயைத் தூக்கிக்கொண்டு நானும் போனேன். என் நாயின் பெயர் டைகர். கம்பி மத்தாப்பைக் கண்டாலே பீரோவுக்குப் பின்னால் போய்விடும்.

"ஊர்ல எவனாவது நாய் தூங்கறதுக்கு மில்லு ஓட்டுவானா?" என்று அவர் கணவர் வீரமுத்து ஒவ்வொரு தீபாவளிக்கும் கேட்பார். கேட்டுக்கொண்டே சாக்கு விரித்துப் போடுவதும் அவர்தான்.

இந்தத் தீபாவளிக்கு எல்லாருக்கும் கவலை செவலையைப் பற்றி. செவலை கருணாபுரத்தில் மூட்டை தூக்கும் மாயவன் வீட்டு நாய். மாயவனுக்கும் அவர் மனைவி இருசம்மாளுக்கும் பிள்ளைகள் இல்லை. அதனால் செவலைதான் வீட்டுப் பிள்ளை என்று எழுதினால் இருசம்மாளுக்குக் கோபம் வரும்: "புள்ளைன்னா இப்படிச் சொன்ன பேச்சு கேக்குமா?" போன தீபாவளிக்கு வெடிச் சத்தத்தில் செவலைக்கு வலிப்பு வந்தது. வாய் கோணி, கால் இழுத்து, விட்டு, மறுபடியும் வந்தது. டாக்டர் மாத்திரை எழுதிக்கொடுத்து, அடுத்த தீபாவளிக்கும் இப்படி அடுத்தடுத்து வந்தால் நாய் தாங்காது என்று சொல்லிவிட்டார். மாயவன் வருஷம் முழுக்க மாத்திரையை வெல்லத்தில் பொதிந்து கொடுத்துக்கொண்டே இந்த ஒரு நாளுக்குப் பயந்துகொண்டிருந்தார்.

மில்லுக்குக் கூட்டிவரச் சொன்னபோது முதலில் அவர் ஒத்துக்கொள்ளவில்லை. "சத்தத்துக்குப் பயந்த நாய சத்தத்துலயே கொண்டாந்து வுடுறதாக்கா?" அவர் கேட்டது நியாயம்தான். கொளஞ்சியம்மாளும் கோபித்துக்கொள்ளவில்லை. "இன்னிக்கே உள்ள கூட்டியாந்தா பயப்படும். கொஞ்சங்கொஞ்சமா பழக்கணும். மொதல்ல ரோட்டாண்ட நில்லு" என்றார். புரட்டாசி பிறந்ததிலிருந்து இருசம்மாள் களையெடுத்துத் திரும்பும் வழியில் செவலையோடு சாலையோரம் வந்து நின்றார். பிறகு வாசலில், பிறகு படியில். ஐப்பசி பிறந்தபோது செவலை உள்ளே வந்து தவிட்டியின் சாக்கில் பாதியைப் பிடித்துக்கொண்டு படுத்தது. அன்றைக்கு மில்லில் இருந்த எல்லாருக்கும் கொளஞ்சியம்மாள் டீ வாங்கிக் கொடுத்தார்.

தீபாவளியும் வந்தது. அரசாங்கம் வெடிக்கச் சொன்ன நேரம் ஒன்று, கள்ளக்குறிச்சி வெடிக்கும் நேரம் வேறொன்று. மாவட்டத் தலைநகர் ஆன பிறகு வெடியும் மாவட்ட அளவுக்கு வளர்ந்துவிட்டது. பொழுது சாய்வதற்குள் மாயவனும் இருசம்மாளும் செவலையை ஒரு போர்வையில் சுற்றித் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். புதுத்துணிகூடக் கட்டவில்லை. "நேத்து ராத்திரிலேர்ந்து ஒண்ணுக்குப் போவலக்கா. வெளிய எறங்கினாத்தான? அடிவயிறு கல்லாட்டம் இருக்குது" என்றார் இருசம்மாள். கொளஞ்சியம்மாள் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். மாத்திரை கொடுத்தாகிவிட்டதா என்று கேட்டார். அதிரசம், பலகாரம் எதுவும் கொடுக்கவில்லையே என்று கேட்டார். பிறகு பச்சைப் பட்டனை அமுக்கினார்.

ஒவ்வொருவராக நாய்களோடு வந்து சேர்ந்தோம். கடைசியில் மணலூர்பேட்டைச் சாலையில் கரும்பு வைத்திருக்கும் ராஜாங்கம் வந்தார், பட்டுவேட்டியோடு, டிராக்டரில். அவருடைய நாய் டிராக்டரைத் தவிர வேறெதிலும் ஏறாது. "காருல ஏத்தினா வாந்தி எடுக்குது, இன்னா பண்றது?" என்று வெட்கத்தோடு சொல்லிவிட்டு அவரும் ஒரு சாக்கில் உட்கார்ந்தார்.

வெளியே ஊர் வெடித்துக்கொண்டிருந்தது. உள்ளே பெல்ட் சுழலும் ஒரே சத்தம். பேச முடியாது, கையாலும் கண்ணாலும்தான் பேச்சு. செவலை இருசம்மாளின் முழங்காலில் தலை வைத்துக் கண்ணை மூடியிருந்தது. மாயவன் வலது கையைத் தூக்கி, ‘பரவாயில்லை’ என்பதுபோல எனக்கு ஆட்டிக் காட்டினார்.

அப்போது கரண்ட் போனது.

மிஷின் உடனே நிற்கவில்லை. பெல்ட் இழுத்து இழுத்துச் சுற்றி, தொண்டை அடைத்து, ஓய்ந்தது. அந்த அமைதி ஒரு மூச்சு நேரம்கூட நீடிக்கவில்லை. எதிர்த்தெருவில் எவனோ பத்தாயிரம்வாலா சரத்தைக் கொளுத்திவிட்டான். டைகர் என் சட்டைக்குள் நுழையப் பார்த்தது. இருட்டில் நாலைந்து நாய்கள் ஒன்றாக ஊளையிட்டன. என் செல்போன் வெளிச்சத்தில் செவலையின் முகம் தெரிந்தது. கீழ்த்தாடை வெடவெடவென்று ஆட ஆரம்பித்திருந்தது.

"அக்கா, வாய் கோணுதுக்கா!" என்று இருசம்மாள் அலறினார். மாயவன் நாயின் காதுகள் இரண்டையும் கையால் பொத்திக்கொண்டு அதன்மேல் குனிந்து கிடந்தார். இத்தனை நாள் பழக்கியதெல்லாம் ஒரு கரண்ட்கார மனிதருக்குத் தெரியாமல் போயிற்றே என்று எனக்கு ஆத்திரம் வந்தது.

கொளஞ்சியம்மாளுக்குச் சரவெடி சரியாகக் கேட்டிருக்காது. ஆனால் அவர் கை செவலையின் விலாவில் இருந்தது. சட்டென்று எழுந்தார்.

"ராஜாங்கண்ணே! வண்டிய எடு!"

ராஜாங்கம் பதறிப்போய் எழுந்தார். "எங்கம்மா போவணும்? டாக்டரு வூட்டுக்கா?"

"எங்கயும் போவாத! வாசலாண்ட பின்னால வுட்டு நிறுத்து. நின்ன எடத்துலயே முறுக்கு!"

அவருக்குப் புரிய ஒரு கணம் ஆனது. புரிந்ததும் பட்டுவேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார். டிராக்டர் பின்பக்கமாக வந்து வாசலை ஒட்டி நின்றது. ராஜாங்கம் ஆக்சிலேட்டரை ஏற்றினார். தடதடவென்ற அந்தச் சத்தம் சுவரில் மோதி மில்லை நிறைத்தது. வீரமுத்து எவரும் சொல்லாமலே பின்வாசலைத் திறந்து புகைக்கு வழிவிட்டார். கொளஞ்சியம்மாள் வாசலில் நின்று கையை உயர்த்தி உயர்த்தி, "இன்னும்! இன்னும்!" என்றார். ஒரு கட்டத்தில் கையைச் சமமாகப் பிடித்தார். மில் ஓடும் சத்தமும் அதுவும் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தது. காது போனவர் அதை எப்படிக் கண்டுபிடித்தார் என்று பிறகு கேட்டேன். "தரை சொல்லுது சார்" என்று காலைக் காட்டினார்.

செவலையின் தாடை இன்னும் கொஞ்ச நேரம் ஆடியது. நாங்கள் எல்லாரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு ஆட்டம் விட்டு விட்டு வந்தது. பிறகு நின்றது. கால் இழுக்கவில்லை. நுரை தள்ளவில்லை. ஒரு பெருமூச்சு விட்டு, மூக்கை மாயவனின் கக்கத்துக்குள் நுழைத்துக்கொண்டது. அப்பாடா என்று நான் சொன்னது எனக்கே கேட்கவில்லை. இருசம்மாள் அழுதுகொண்டிருந்தார், சிரித்துக்கொண்டும் இருந்தார்.

கரண்ட் வந்தது. மிஷின் ஓட ஆரம்பித்தது. ஆனாலும் ராஜாங்கம் டிராக்டரை அணைக்கவில்லை. அணைக்க யாருக்கும் தைரியமும் வரவில்லை. இரண்டு சத்தமும் சேர்ந்து ஓட, இந்த வருஷத்துத் தீபாவளி எங்களுக்கு வெளியே எங்கேயோ நடந்து முடிந்தது.

ஊர் ஓய்ந்த பிறகு கொளஞ்சியம்மாள் சாலைக்குப் போய் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு வந்தார். டிராக்டர் முதலில் நின்றது. பிறகு சிவப்புப் பட்டன். பெல்ட் ஓய்ந்து நின்றபோது மில்லில் யாரும் அசையவில்லை. செவலை கண்ணைத் திறந்தது. எழுந்தது. முன்னங்கால்களை நீட்டி முதுகை வளைத்துச் சோம்பல் முறித்தது. உடம்பை உதறியதில் மாவு பறந்தது. எல்லாரையும் ஒருமுறை பார்த்துவிட்டு, நிதானமாக நடந்துபோய், கொளஞ்சியம்மாள் தினமும் துடைத்துப் பளபளவென்று வைத்திருக்கும் அரிசி மிஷினின் கால் பக்கம் நின்று, பின்னங்காலைத் தூக்கியது.

"அய்யய்யோ, மிஷினு மேலக்கா!" என்று இருசம்மாள் பதறிக்கொண்டு ஓடினார். கொளஞ்சியம்மாள் கையைக் குறுக்கே நீட்டி அவரை மறித்தார். நேற்று இரவிலிருந்து அடக்கிவைத்திருந்தது அவ்வளவு சீக்கிரம் முடியவில்லை. செவலை காலைக் கீழே வைக்கும்வரை அந்தக் கை இறங்கவில்லை.