கோணல் இறக்கை விமானமும் என் மாமனாரும்

மாதிரி விமானம் செய்கிறவனுக்கு அறுப்பதும் ஒட்டுவதும் கஷ்டமில்லை, "இது எதுக்கு?" என்று கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்வதுதான் கஷ்டம். சின்னச் சாமான் செய்து பிழைக்கிற சகோதரர்களே, சொப்பு கடைகிறவர்களே, கொலுவுக்குப் பொம்மை பிடிக்கிறவர்களே, உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நீங்களும் பட்டிருப்பீர்கள்.

யுத்தம் கடலோரம் வரை வந்துவிட்டது என்று எல்லோரும் பயந்துகொண்டிருந்த நேரம். எதிரி விமானம் வந்தால் முன்கூட்டியே தெரிய வேண்டும் என்று, கொல்லிமலையில் செம்மேட்டுக்குப் பக்கத்து மேடு ஒன்றில் காவல் கொட்டகை போட்டு ஒரு டெலிபோனும் வைத்தார்கள். வானம் பார்க்கிற வேலைக்கு மலைக்காரர்கள் சிலரை எடுத்தார்கள். எது நம் விமானம், எது எதிரி விமானம் என்று அவர்களுக்குக் காட்டிச் சொல்லிக்கொடுக்க மாதிரிகள் வேண்டும். ராசிபுரத்தில் வண்டிப்பட்டறையில் இருந்த எனக்கு, படத்தைப் பார்த்து அளவு பிசகாமல் செதுக்குவான் என்று கொஞ்சம் பெயர் இருந்தது. வேலை கிடைத்துவிட்டது. அதுவரை நான் நிஜ விமானத்தைக் கண்ணால் கண்டதில்லை. யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அப்போது எனக்குக் கல்யாணமான புதிது. மனைவி செல்லாயி அடிவாரத்தில் அவள் அப்பா வீட்டில் இருந்தாள். மாமனார் தானிய வியாபாரி. ஊரெல்லாம் யுத்தம் என்று அலறும்போது பொம்மை செய்து சம்பளம் வாங்குகிற மாப்பிள்ளையோடு பெண்ணை மலைக்கு அனுப்ப அவருக்கு மனசில்லை. நேரில் வந்து பார்த்துவிட்டுத்தான் முடிவு என்று சொல்லிவிட்டார். செல்லாயி வருவாளா மாட்டாளா என்பதுதான் எனக்கு முதல் கவலை. யுத்தம் அதற்கு அடுத்ததுதான்.

அங்குலக் கணக்கு

நான் தங்கியது சடையன் வீட்டில். அவர் மிளகும் சாமையும் தினையும் பயிர் செய்கிறவர், காவல் கொட்டகையிலும் ஆள். சோறு போட்டவர் அவர் மனைவி குப்பாயியக்கா. குமிழ மரத்தில் விமானம் செதுக்கி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, விளக்குக்கரி குழைத்துக் கறுப்பாகப் பூசி முதல் உருப்படியை அடுப்பங்கரைத் திட்டில் வைத்தேன். அக்கா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எதற்கு இவ்வளவு சின்னது என்று கேட்டார்.

எனக்கு உற்சாகம் பொங்கிவிட்டது. நிஜத்தில் ஆறடி இருப்பது இதில் ஓர் அங்குலம்; இதைக் கொட்டகையிலிருந்து கொஞ்ச தூரத்தில் கம்பத்தில் தூக்கினால், வெகு தூரத்தில் நிஜ விமானம் பறப்பது போலவே கண்ணுக்குத் தெரியும்; எங்களுக்கு வந்த படங்களின்படி இறக்கை நேராக இருந்தால் நம்முடையது, மேல்நோக்கி வளைந்திருந்தால் எதிரியுடையது என்று ஒரு பிரசங்கமே செய்தேன். பேசிக்கொண்டே தட்டில் இருந்த களியையும் முடித்து, இன்னொரு உருண்டைக்குக் கை நீட்டினேன். அக்கா கரண்டியைப் பிடித்துக்கொண்டே நின்றார். "உன்ற வேலை ஆறடிக்கு ஒரங்குலம்னா, களி மட்டும் எதுக்கு சாமி முழுசாத் திங்கற?"

வாழைப்பழ வாசனை

ஒரு நாள் எங்கள் அதிகாரி சீமையிலிருந்து வந்த ஒரு பெட்டியைக் கொடுத்து அனுப்பினார். திறந்தால் மரமே இல்லை. இறக்கை, வால், உடம்பின் இரண்டு பாதிகள் எல்லாம் அச்சில் வார்த்துத் துண்டு துண்டாகக் கிடந்தன. பிளாஸ்டிக் என்று கூடவே எழுதி அனுப்பியிருந்தார். எனக்கு அதில் தெரிந்தது தலை சீவுகிற சீப்பு ஒன்றுதான். செதுக்க வேண்டாம், தேய்க்க வேண்டாம், பசை தடவி ஒட்டினால் போதும். நம் பக்கத்துச் சண்டை விமானம் அது. இறக்கை பலகை போல நேராக இருக்கும். இத்தனை சுலபமான வேலையில் என்ன தப்பு வந்துவிடப் போகிறது என்று நினைத்தேன் பாருங்கள், அங்கேதான் ஆரம்பித்தது.

அந்தப் பசை அழுகின வாழைப்பழம் போல மணக்கும். வெளியே மூடுபனி, ஈரம் பட்டால் ஒட்டாது என்று கதவைச் சாத்திக்கொண்டு மத்தியானம் முழுக்க உட்கார்ந்திருந்தேன். கண் சிவந்து, தலை கிறுகிறுத்து, ஒரு பக்கத்து இறக்கை என் வலது கட்டைவிரலோடு நன்றாக ஒட்டிக்கொண்டது. அதைப் பிய்க்கப் பார்த்துக்கொண்டிருந்தபோது கதவு திறந்தது. முன்னறிவிப்பில்லாமல் மாமனார். மலை ஏறி வந்த மூச்சு இன்னும் அடங்கவில்லை. எழுந்தேன், தள்ளாடினேன். இரண்டு கையையும் கூப்ப முடியாமல், இறக்கை தொங்குகிற ஒற்றைக் கையைத் தூக்கி வணக்கம் வைத்தேன்.

சேலம் ஜில்லாவில் கள்ளும் சாராயமும் மூடியிருந்த காலம் அது. மாமனார் வாசலிலேயே நின்று இரண்டு முறை மூச்சை இழுத்தார். என் கண்ணைப் பார்த்தார். தோளில் இருந்த துண்டை எடுத்து மூக்கைப் பொத்திக்கொண்டார். "ஜில்லாப் பூரா மூடியாச்சுன்னாங்க, மலை மேல மட்டும் தொறந்து வெச்சிருக்கறீங்களா மாப்ளெ?"

கணப்புச் சட்டி

பசைக் குப்பியைக் காட்டி, அவரையே முகரவைத்து, சடையனைச் சாட்சிக்குக் கூப்பிட்டு ஒரு வழியாக நம்பவைத்தேன். நம்பினாரா, நம்பியது போல இருந்தாரா தெரியாது. ராத்திரி தங்கித்தான் போக வேண்டும். அடிவாரத்து மனிதருக்கு மலைக் குளிர் பழக்கமில்லை. நல்ல மாப்பிள்ளையாக ஒரு கணப்புச் சட்டி நிறையக் கங்கு போட்டு அவர் பக்கத்தில் வைத்தேன். விரலிலிருந்து இறக்கையைப் பிரித்து ஒட்டி முடித்த விமானத்தின் அடிவயிறு மட்டும் காயவில்லை. அதைக் குப்புறத் திருப்பி ஒரு கொட்டாங்குச்சி மேல் நிறுத்தி, அதே கங்குக்குப் பக்கத்தில் வைத்தேன். ஒரே நெருப்பில் இரண்டு காரியம் என்று எனக்கே என் சாமர்த்தியத்தில் ஒரு பூரிப்பு.

மரம் என்றால் சூட்டில் காயும். பிளாஸ்டிக் இளகும் என்பது எனக்கு யார் சொல்லித் தெரியும்? மாமனாருக்கு விமானத்தின் மகிமையைச் சொல்லிக்கொண்டிருந்தபோதே இறக்கைகள் இரண்டும் மெல்லத் தொய்ந்து சட்டிப் பக்கம் தொங்கிவிட்டன. பதறி எடுத்து நிமிர்த்தினேன். குப்புற இருக்கும்போது கீழே தொங்கியது, நிமிர்த்தியதும் மேலே பார்த்து வளைந்து நின்றது. அழுத்தி நேராக்கப் போனேன், ஆறி இறுகிவிட்டது. என் காது சூடாகி, அந்தக் கணப்புச் சட்டியையே எடுத்துத் தலையில் கவிழ்த்துக்கொள்ளலாமா என்று இருந்தது. மாமனார் கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பினார். "நேரா நிக்கற மாதிரி ஒண்ணு செஞ்சு காமிங்க மாப்ளெ, அன்னிக்கு நானே என்ற புள்ளெயக் கூட்டிட்டு வாரேன்."

கிளியின் அபிப்பிராயம்

கோணல் விமானத்தை அதிகாரியிடம் காட்ட எனக்குத் தைரியமில்லை. கறுப்புப் பூசி மூலையில் போட்டேன். குப்பாயியக்கா பெருக்கும்போது அதைப் பார்த்தார். அப்போது தினை கதிர் முற்றுகிற சமயம். கிளி கூட்டம் கூட்டமாக இறங்கித் தின்றுகொண்டிருந்தது. இதை எனக்குக் கொடு, பருந்து மாதிரி இருக்கிறது என்றார். கொடுத்தேன். வீட்டுக்குப் பின்னால் இருந்த கொல்லையில் ஒரு மூங்கில் கழை நட்டு, நூலில் கட்டித் தொங்கவிட்டார். அது போதாதென்று வாலில் ஒரு மூங்கில் சிம்பையும் செருகினார். காற்றடித்தால் சிம்பு விர்ர்ரென்று இரையும்.

முதல் நாளே கொல்லையில் ஒரு கிளிகூட இல்லை. நான் பார்த்துப் பார்த்துச் செதுக்கிய மர விமானங்களைக் கண்டு காவல்காரர்கள் கொட்டாவி விட்டார்கள். நான் கெடுத்துப்போட்ட ஒன்றைக் கண்டு கிளிகள் அடுத்த மலைக்கு ஓடின. பெருமைப்படுவதா வெட்கப்படுவதா என்று தெரியாமல் வரப்பில் நின்றேன். அக்காவுக்கு அந்தக் குழப்பமெல்லாம் இல்லை. "கிளிக்குக்கூட இது ஏரோப்ளேனுன்னு தெரியுது சாமி, உன்ற மாமனாருக்குத்தான் தெரியலெ."

நிற்கிற விமானம்

அதன் பிறகு மரத்திலேயே நம் சண்டை விமானத்தைச் செய்தேன். ரசமட்டம் வைத்தால் அசையாது, அவ்வளவு நேர். மாமனாருக்குச் சொல்லி அனுப்பினேன். சந்தை நாளன்று செல்லாயியைக் கூட்டிக்கொண்டு வருவதாகப் பதில் வந்தது. அன்று விடிந்ததும் மூட்டை தூக்கி வர சடையன் அடிவாரத்துக்குப் போய்விட்டார். அவர் முறைக்குக் கொட்டகையில் நான் உட்கார்ந்தேன்.

மேட்டுக்குக் கீழே பள்ளம் முழுக்கப் பனி, பஞ்சு மூட்டையை அவிழ்த்துக் கொட்டினாற்போல. மரமும் தெரியவில்லை, மண்ணும் தெரியவில்லை. அந்த வெள்ளையில் கறுப்பாக ஒன்று தெரிந்தது. விர்ர்ர் என்று சத்தம். தூரத்தில் விமானம்! இறக்கையைப் பார்த்தேன். மேல்நோக்கி வளைந்திருந்தது. நான் வகுப்பு எடுத்த பாடம் அப்படியே மனசில் ஓடியது. டெலிபோனைச் சுற்றி, "எதிரி விமானம், ஒன்று, சந்தேகமே இல்லை" என்று கத்தினேன். கீழே அடிவாரத்தில் போலீஸ்காரர் அபாய மணியாகத் தண்டவாளத் துண்டைக் கணகணவென்று அடிக்கிற சத்தம் மலை மேல் வரை கேட்டது. செல்லாயி அந்நேரம் அங்கேதான் இருப்பாள். அவளைக் காப்பாற்றிவிட்டேன் என்று நினைத்தேன். அந்த நினைப்பு ரொம்ப நேரம் நிற்கவில்லை.

பனி விலகியது. முதலில் கழை தெரிந்தது. பிறகு நூல். பிறகு தினைக்கொல்லை. பின்கொல்லையில் அறுப்பு முடிந்துவிட்டதால், குப்பாயியக்கா முதல் நாள் சாயங்காலம்தான் அதைப் பிடுங்கி மேட்டுக்குக் கீழே உள்ள கொல்லையில் நட்டிருக்கிறார். நான் கையால் ஒட்டி, கையாலேயே கோணலாக்கின நம் பக்கத்து விமானம். அதன் இறக்கை மேல் ஒரு கிளி உட்கார்ந்து மூக்கைத் தீட்டிக்கொண்டிருந்தது. டெலிபோன் அடித்தது. விமானம் எந்தத் திசையில் போகிறது என்று அதிகாரி கேட்டார். போகவில்லை சார், நிற்கிறது என்றேன். நடந்ததை நான் சொல்லி முடிப்பதற்குள் அதிகாரி குறுக்கிட்டார். "நிற்கிற விமானத்தை நான் பார்த்ததே இல்லை, கிளியோடு பிடித்து வை, வருகிறேன்."

பள்ளத்தில் சொன்ன வார்த்தை

உச்சி வேளைக்கு அவர்கள் வந்தார்கள். மாமனாரின் வெள்ளை வேட்டி முன்பக்கம் முழுக்கச் சேறு. செல்லாயியின் புதுச் சேலையிலும் சேறு. மலை ஏறத் தொடங்குகிற இடத்தில் போலீஸ்காரர் எல்லோரையும் வண்டிப்பாதைப் பள்ளத்தில் படுக்கச் சொல்லியிருக்கிறார். என்னைத் திட்டத்தான் போகிறார் என்று தலையைக் குனிந்தேன். மாமனாரோ நேராக வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது.

"அத்தன பேரும் பள்ளத்துல கெடக்கறாங்க மாப்ளெ, ஒருத்தன் அழுவறான். நான் சொன்னேன், ஏனுங்க பயப்படறீங்க, மேல பாத்துக்கிட்டு இருக்கறது என்ற மாப்ளெ, அவுரு கண்ணுக்குத் தப்பி ஈ காக்கா வர முடியாதுன்னேன்" என்றார். என் வாழ்நாளில் அவர் என்னைப் புகழ்ந்தது அதுதான் முதல். மாமா, அது வந்து, என்று இழுத்தேன். அவர் காதில் விழவில்லை. எனக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாமா என்றிருந்தது. அதற்குள் குப்பாயியக்கா கழையும் நூலுமாக அந்தக் கோணலைத் தூக்கிக்கொண்டு வந்து என் காலடியில் போட்டார். கிளிக்குப் பயம் விட்டுப்போச்சு, அப்பவும் காலையில் நீ ஒருத்தன்தான் பயந்தாயாமே என்றார்.

மாமனார் அதைப் பார்த்தார். தன் கணப்புச் சட்டிக்குப் பக்கத்தில் வளைந்த இறக்கையை அடையாளம் கண்டுகொண்டார். என்னைப் பார்த்தார். நான் செய்துவைத்த நேரான விமானம் திட்டின் மேல் அழகாகத்தான் இருந்தது. அதை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. செல்லாயி சுவர்ப்பக்கம் திரும்பி நின்றாள். அழுகிறாள் என்று நினைத்தேன். தோள் குலுங்கிய குலுக்கலில் அது சிரிப்பு என்று தெரிந்தது. மாமனார் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மகளின் மூட்டையைத் தூக்கினார். போயிற்று, கூட்டிக்கொண்டு இறங்கப்போகிறார். இரண்டடி வைத்தவர் நின்றார். மூட்டையை மெதுவாகத் திரும்பவும் அடுப்பங்கரைத் திட்டில் இறக்கி வைத்தார். "ஊரு முச்சூடும் கேக்கற மாதிரி எம்மாப்ளென்னு சொல்லித் தொலச்சுட்டேன், இனிப் புள்ளெயக் கூட்டிட்டு எறங்குனா ஏன்னு கேப்பாங்க, நான் என்னத்தச் சொல்லட்டும்?"

எனக்குக் குடும்பம் அமைந்தது என் கைத்திறமையால் அல்ல, என் மாமனாரின் வெட்கத்தால்தான் என்பதை, சகோதரர்களே, சின்னச் சாமான் செய்கிற உங்களிடம் மட்டும் சொல்லி வைக்கிறேன்.