சொர்ணம் எண்ணின பாக்கெட்டுகள்

சொர்ணத்துக்கு வாயும் அடங்காது, கையும் அடங்காது. பீன்யா இண்டஸ்ட்ரியல் ஏரியாவுல நாங்க ரெண்டு பேரும் வேலை பார்க்குற கம்பெனியில அவ பாக்கிங் செக்ஷன். பெட்டியை மூடுறதுக்கு முன்னாடி எண்ணுவா, மூடின பிறகும் சந்தேகப்படுவா. சூப்பர்வைசரே அவகிட்ட வாய் கொடுக்க மாட்டான்.

எங்க வீட்டு ஓனர் நரேஷ். கீழே அவன் பெட்டிக்கடை, மேலே ஒரு ரூம்ல அவ, பக்கத்து ரூம்ல நான். லைசென்ஸும் கிடையாது ஒண்ணும் கிடையாது, காலையில ஆறு மணிக்கே பிராந்தி பாக்கெட் விப்பான். அதைக் குடிச்சிட்டு ஷிப்டுக்குப் போன சொர்ணத்தோட புருஷன் கவியரசன், பிரஸ் மெஷினுக்கு மூணு விரலைக் கொடுத்துட்டு வந்தான். அந்த வாரமே அவ எக்ஸைஸ் ஆபீசுக்குப் போய் எழுதிக் கொடுத்தா. ரெய்டு வந்துச்சு. பிடிச்ச சரக்கைக் கன்னடத்துல எழுதுற மஹஜர்ல அவளும் நானும் சாட்சிக் கையெழுத்துப் போட்டோம்.

இந்த மாதிரி கேஸெல்லாம் சாட்சியாலதான் சாகும். கூண்டுல ஏறி, வெத்துப் பேப்பர்ல கையெழுத்து வாங்கினாங்கன்னு சொல்லிட்டா முடிஞ்சுது கதை. நான் அதைத்தான் சொன்னேன். வெக்கங்கெட்டவ நான், மறைக்க என்ன இருக்கு? நரேஷ் ரூமைக் காலி பண்ணச் சொல்லிடுவானோன்னு பயம்.

அடுத்து சொர்ணம் ஏறினா. நரேஷோட வக்கீல் மஹஜரைத் தூக்கிக் காட்டினார். இருநூறு பாக்கெட்னு எழுதினதை அடிச்சு நூத்தி எண்பத்தேழுன்னு திருத்தியிருக்கு, உனக்கோ கன்னடம் படிக்கத் தெரியாது, இது ஆபீஸ்ல உட்கார்ந்து ஜோடிச்ச காகிதம்தானேன்னு மடக்கினார்.

"திருத்தச் சொன்னதே நான்தான் சார்"னு சொன்னா, நல்ல கன்னடத்துல. "குத்துமதிப்பா இருநூறுன்னு எழுதிட்டாங்க. படிச்சுக் காட்டச் சொன்னேன். கடை வாசல்லயே உட்கார்ந்து எண்ணினேன், பதிமூணு குறைஞ்சுது. மாத்தி எழுதினப்புறம்தான் கையெழுத்துப் போட்டேன்."

ஜட்ஜ் எழுதிக்கிட்டார்.

நரேஷுக்குத் தண்டனை ஆச்சு. மறுநாளே அவன் பொண்டாட்டி மேல வந்து சொர்ணத்தை ரூமைக் காலி பண்ணச் சொன்னா. என்னைப் பார்த்துச் சிரிச்சிட்டு இறங்கினா. செருப்பால அடிச்ச மாதிரி இருந்துச்சு. சொர்ணம் என்னை நாலு வார்த்தை திட்டியிருந்தாகூட மனசு ஆறியிருக்கும். அவ பாட்டுக்குப் பாத்திரத்தையெல்லாம் மூட்டை கட்டிக்கிட்டிருந்தா.

நான் போய் மூட்டையோட இன்னொரு பக்கத்தைப் பிடிச்சேன்.

"ரெண்டு ரூமாப் பாருடி, நானும் வர்றேன்."

அவ மூட்டையோட முடிச்சை இறுக்கினா.

"முதல்ல இதைக் கெட்டியாப் பிடி, ராதா. படி இறங்கணும்."